கொடி இறங்கிய அந்த ஒரு "மென்" அடி

யோகோஹாமா ஷினாய்

ஆறு வருடம் ஆகிவிட்டது. அந்தப் போட்டி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

வார்டு அளவிலான சின்னக் கெண்டோ (மூங்கில் வாள் சண்டை) போட்டிதான். எதிரே பதினேழு வயதுப் பையன். ஆளுக்கு ஒரு புள்ளி. நான் கோத்தே (மணிக்கட்டு அடி) அடிக்கக் கை நீட்டிய நொடியில் அவன் என் தலையில் "மென்" என்ற தலையடியை இறக்கினான். அவன் குரல், ஷினாய் (மூங்கில் வாள்) பட்ட ஓசை, தரையில் கால் மிதித்த ஓசை மூன்றும் ஒன்றாகவே கேட்டன. அவ்வளவு சுத்தமான அடியை நான் அதுவரை வாங்கியதில்லை. மூன்று நடுவர்களும் வெள்ளைக் கொடியை உயர்த்திவிட்டார்கள். என்னைத் தாண்டி ஓடித் திரும்பியவன், இடது முஷ்டியை இடுப்போரம் ஒரே ஒரு தடவை இறுக்கினான்.

தலைமை நடுவர் "கோகி" (கலந்தாலோசனை) என்றார். மூவரும் நடுவில் கூடிப் பேசினார்கள். நாங்கள் பின்வாங்கிக் காத்திருந்தோம். பிறகு கொடிகள் தாழ்வாகக் குறுக்கே அசைந்தன. புள்ளி ரத்து. ஆட்டம் நீண்டது, ஒரு கோத்தேயில் நான் ஜெயித்தேன்.

ஸன்ஷின் பற்றி இந்தப் புதோ (ஜப்பானியத் தற்காப்புக் கலை) மன்றத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அடித்த பிறகும் எதிராளியை விட்டு மனம் விலகக் கூடாது, வெற்றியை ஆடிக் காட்டக் கூடாது. விதி சரி என்றே இன்றும் நினைக்கிறேன். என்னை அரிப்பது வேறு. முடிந்ததும் அவன் என்னிடம் வந்து முழுசாகக் குனிந்து நன்றி சொன்னான். பதிலுக்கு நானும் குனிந்தேன். "உன் மென் நல்ல அடி" என்று சொல்ல வாய் வரவில்லை.

வில்லாளி

எனக்கு நடந்தது சின்ன விஷயம். ஜப்பானிய வில்வித்தையான க்யூதோவில் தூரம் 28 மீட்டர், இலக்கு 36 சென்டிமீட்டர் என்பது உங்களுக்குத் தெரியும். முதல் தடவையாக இரண்டு அம்பும் பட்டது. அந்தப் "பட்" சத்தம் கேட்டவுடனே ஆசிரியர் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவர் இலக்குப் பக்கமே பார்க்கவில்லை. வில் பிடித்தபடி நான் இறக்கிவிட்ட இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து ஒரு மாதம் மாகிவாரா என்ற வைக்கோல் உருளையில்தான் பயிற்சி. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

பழைய ஜூடோக்காரன்

முதல் பதிவு எழுதியவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. அடி விழுந்தது, புள்ளி அவனுடையது. ஒரு சிறுவனின் சந்தோஷத்தைத் தண்டிப்பதில் என்ன அறம் இருக்கிறது?

நான் பழகிய தோஜோவின் (பயிற்சிக்கூடத்தின்) சுவரில் "ஜிதா க்யோயெய்" என்று எழுதித் தொங்கும். தானும் பிறரும் சேர்ந்தே செழிப்பது. 1882-இல் கோடோகன் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கிய கானோ ஜிகோரோ 1922-இல் முன்வைத்த கொள்கை. அந்த எழுத்துக்கு நேர் கீழேதான் ஒரு சீனியர் என் கழுத்தை நெரித்தான். விட்டுவிடு என்று இரண்டு முறை தரையைத் தட்டினேன். விடவில்லை. ஆசிரியர் பார்த்தார், பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தத் திரும்பிய முகம்தான் எனக்குக் கனவில் வருகிறது.

2013 தொடக்கத்தில் என்ன வெளிவந்தது? ஜப்பான் தேசிய ஜூடோ அணி மட்டத்துப் பெண்கள் 15 பேர், பயிற்சியாளர் அடித்ததாகப் புகார் கொடுத்திருந்தார்கள். அவர் பதவி விலகினார். முஷ்டி இறுக்கியதைக் கவனிக்கும் கண்கள் இதையெல்லாம் கவனித்திருக்க வேண்டாமா?

சைதாமா அம்மா

ஜூடோக்காரரே, உங்கள் கோபம் நியாயம். ஆனால் அந்தக் கெண்டோ நடுவர்கள்மேல் ஏன்? அவர்கள் பார்த்தார்கள், முகத்தைத் திருப்பவில்லை. நீங்கள் ஏங்கியதும் அதைத்தானே?

என் மகன் கராத்தே வகுப்பு முடியும்போது தோஜோகுன் (பயிற்சிக்கூட உறுதிமொழி) சொல்வான். ஒவ்வொரு வரியும் "ஹிதோத்சு" என்றே தொடங்கும். எல்லாமே "ஒன்று", இரண்டாவது என்று எதுவும் இல்லை. "அப்போ எது முக்கியம்மா?" என்று ஒருநாள் கேட்டான். அவ்வளவுதான் என் அனுபவம்.

குழந்தைகளைச் சேர்க்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காதீர்கள். ஒரு வகுப்பு முழுக்க ஓரத்தில் உட்கார்ந்து, இருப்பதிலேயே பலவீனமான பிள்ளையை ஆசிரியர் எப்படி நடத்துகிறார் என்று பாருங்கள். ஜூடோ என்றால், உகெமி (அடிபடாமல் விழும் முறை) எத்தனை வாரம் சொல்லித் தந்த பிறகு வீசவிடுவார்கள் என்று கேளுங்கள். 1983-க்குப் பிறகு ஜப்பான் பள்ளிகளில் ஜூடோவில் இறந்த பிள்ளைகள் நூற்றுக்கும் மேல். பலருக்கும் தலையில்தான் அடி. காலை வாரி வீழ்த்தும் ஓசோதோகாரியில் பின்பக்கமாக விழும்போது தலை தரையில் மோதுகிறது. தலைவலி என்று பிள்ளை சொன்னால் அன்றைக்குப் பயிற்சி வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். "பொறுத்துக்கொள், அதுதான் புதோ" என்று சொல்லும் இடத்தில் விடாதீர்கள். 2012-இல் நடுநிலைப் பள்ளிகளில் புதோவைக் கட்டாயமாக்கிய பிறகு இதைக் கேட்கப் பெற்றோருக்கு இன்னும் உரிமை கூடியிருக்கிறது. 2022-இல் ஜூடோ சம்மேளனமே தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் தேசியத் தனிநபர் போட்டியை நிறுத்தியது, ஜெயிப்பதே குறி என்று ஆகிவிட்டது என்பதால். வீட்டிலும் "ஜெயிச்சியா?" என்று முதலில் கேட்காதீர்கள்.

யோகோஹாமா ஷினாய்

ஜூடோக்காரரே, உங்கள் கழுத்தைப் பற்றிப் படித்தபோது கை நடுங்கியது. தட்டிய பிறகும் விடாதவனுக்கும் அந்தப் பையனுக்கும் தூரம் அதிகம். இருந்தாலும் அந்தக் கொடியை நான் குறை சொல்ல மாட்டேன். நான் வாயைத் திறக்காததற்கு நடுவர்கள் பொறுப்பில்லை.

அவனுக்கு இப்போது இருபத்துமூன்று வயது இருக்கும். அவன் இடுப்புக் கவசத்தில் தைத்திருந்த பெயர் எனக்கு நினைவிருக்கிறது. அடுத்த மாதம் அதே வார்டு போட்டி. பெயர் கொடுத்துவிட்டேன். ஆட்டப் பட்டியல் இன்னும் வரவில்லை.