சின்ட்ரெல்லா எஃப்எஃப்: முடிவு தெரிஞ்ச கதைக்கு ஏன் இவ்ளோ கூட்டம்?

செந்தூல் வாசகி:
சீரியல் ஜோடிகளை வச்சு எஃப்எஃப் (ஃபேன் ஃபிக்‌ஷன், ரசிகர்கள் எழுதுற கதை) எழுதுறவங்களுக்கு ஒரு கேள்வி. எந்த ஜோடியா இருந்தாலும் தேவதைக் கதைக்குள்ள போட்டா கமெண்ட் குவியுது. முடிவுதான் எல்லாருக்கும் தெரியுமே, அப்புறம் என்ன ஈர்ப்பு? கோலாலம்பூர்ல நடக்கிற மாதிரி 10 அத்தியாயத்துல சின்ட்ரெல்லா எழுதினா எதை வச்சுக்கணும், எதை வெட்டணும்?

தண்ணீர்மலை அக்கா:
முடிவு தெரிஞ்சிருக்கிறதுதாம்மா ஈர்ப்பே. சேருவாங்களான்னு கவலை இல்ல. 'இந்த இடத்துல இவ என்ன சொல்வா'ன்னு பார்க்கத்தான் வர்றாங்க. வாயாடி நாயகி சித்தி திட்டுறதைக் கேட்டுட்டு சும்மா இருப்பாளா? அப்ப ஏன் அந்த வீட்ல இருக்கா? வீட்டுப் பத்திரம் சித்தி பேர்ல இருக்கு, தம்பிக்கு எஸ்பிஎம் பரீட்சை (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) வருஷம், இப்படி ஏதாவது ஒரு காரணம் முதல் அத்தியாயத்திலேயே வரணும். வரலைன்னா மூணாவதுலயே 'இது நம்ம ஆளே இல்ல'ன்னு கிளம்பிடுவாங்க.

பூசணி வண்டி, கண்ணாடிச் செருப்பு எல்லாம் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ 1697-ல எழுதினது. வெட்டலாம். காதலுக்குத் தோதானது ஜெர்மனியோட கிரிம் சகோதரர்கள் கதை: விருந்து மூணு நாள், செருப்பும் தானா கழலல. அவ ஓடிடக் கூடாதுன்னு இளவரசன் படிக்கட்டுல தார் பூசி வைக்கிறான்! நாயகனுக்கும் வேலை இருக்கு. மூணு சந்திப்புக்கு 3, 4, 5-ஆம் அத்தியாயம். 6-ல பொருள் தொலையணும், 7, 8 தேடல். ஒரு அத்தியாயம் 1,200 வார்த்தைக்கு மேல வேணாம், எல்லாரும் ஃபோன்லதான் படிக்கிறாங்க.

நள்ளிரவுக் கெடுவுக்குப் பதிலா கடைசி எல்ஆர்டி ரயில் போதும். ஆனா 'கிராப் டாக்சி பிடிச்சா என்ன'ன்னு கேப்பாங்க. சித்தி வீட்டுக்கு வர்ற நேரத்தைக் கெடுவா வைங்க. இன்ஸ்டாகிராம்ல தேட முடியாதபடி அவ வேற ஒருத்தியோட நுழைவு பாஸ்ல விருந்துக்குள்ள வந்திருக்கணும்.

பட்டர்வொர்த் தம்பி:
அக்கா சொன்னது சின்ட்ரெல்லாவுக்குச் சரி. 'அழகியும் அரக்கனும்' (பியூட்டி அண்ட் தி பீஸ்ட்) எழுதுறவங்க கவிழ்றது வேற இடத்துல. அரக்கன்னா உறுமுற முதலாளி, கையைப் பிடிச்சு இழுக்கிற ஆன்ட்டி ஹீரோன்னு நினைச்சுக்கிறாங்க. பிரெஞ்சு எழுத்தாளர் பொமோன் 1756-ல எழுதின கதையில அவன் மரியாதையானவன். ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு வந்து கல்யாணம் பண்ணிக்கிறியான்னு கேப்பான், அவ மாட்டேன்னா பெருமூச்சு விட்டுட்டுப் போயிடுவான். அந்த 'மாட்டேன்'தான் கதையைத் தாங்குது. குறைஞ்சது நாலு தடவை வரணும், ஒவ்வொண்ணும் முந்தினதைவிடக் கொஞ்சம் மெதுவா. அதை எடுத்துட்டா மிச்சம் வெறும் கடத்தல்தான்.

நம்ம ஊர் மலாய்க் கதையிலயே புத்ரி குனோங் லேடாங், அதான் லேடாங் மலை இளவரசி இருக்கா, யாரும் தொடுறதில்ல. பொண்ணு கேட்டு வந்த மலாக்கா சுல்தானுக்கு தங்கப் பாலம், ஏழு தட்டு கொசு இதயம்னு நிபந்தனை மேல நிபந்தனை, கடைசியில அவரோட மகனோட ரத்தம். வேணாம்னு நேரா சொல்லாம விரட்டுறா. மோதல்ல தொடங்குற ஜோடிக்கு அளவெடுத்துத் தைச்ச கதை லா.

செந்தூல் வாசகி:
செருப்புக்குப் பதிலா கொலுசு வச்சா?

தண்ணீர்மலை அக்கா:
வைக்கலாம், ஆனா கடையில வாங்குற கொலுசு யார் கால்லயும்தான் இருக்கும். திருகு உடைஞ்சு கறுப்பு நூல் போட்டுக் கட்டினதா இருக்கட்டும். ரெண்டாவது அத்தியாயத்துல, அவ அவசரமா பல்லால நூலைக் கடிச்சு முடிச்சுப் போடுறதை ஒரே வரியில சொல்லிட்டுப் போயிடுங்க. ஆறாவதுலதான் முதல் தடவை காட்டினீங்கன்னா திடீர்னு ஒட்ட வச்ச மாதிரி தெரியும்.