மேட் வார்னிஷ் அடிச்சதும் மினி மேல வெள்ளை மங்கல், போட்டோல இன்னும் மோசம். பெயின்ட்டா கேமராவா? உதவி ப்ளீஸ்

வேளச்சேரி மினி:

எல்லாருக்கும் வணக்கம். வார்ஹேமர் 40,000ங்கிற டேபிள் கேம்ல வர்ற ஸ்பேஸ் மரீன் கேப்டன் மினி (விளையாட வைக்கிற சின்ன பிளாஸ்டிக் உருவம்) ஒண்ணு, ப்ளட் ஏஞ்சல்ஸ் படையோட சிவப்பு கலர்ல பெயின்ட் பண்ணிட்டிருக்கேன். கவசத்துக்கு அடில மெஃபிஸ்டன் ரெட், இடுக்குல நிழலுக்கு நுல்ன் ஆயில்ங்கிற கருப்பு வாஷ், மேல ஈவில் சன்ஸ் ஸ்கார்லட் லேயர், ஓரத்துக்கெல்லாம் ஆரஞ்சு கலந்து மெல்லிசா எட்ஜ் ஹைலைட் கோடு. முதுகுல தொங்குற அங்கி கருப்பு, அதுக்குத்தான் நிறைய நேரம் போட்டிருக்கேன், மடிப்பு மடிப்பா சாம்பல் நீலம் ஏத்தி இறக்கி தண்ணி மாதிரி லேசான பெயின்ட்ல கொண்டு வந்தது.

நேத்து சாயங்காலம் மழை விட்டதும் மொட்டை மாடில வச்சு மேட் வார்னிஷ் (பளபளப்பில்லாத பாதுகாப்புப் பூச்சு) ஸ்ப்ரே அடிச்சேன். காலைல பார்த்தா அங்கி முழுக்க வெள்ளையா ஒரு படலம், கவசத்து இடுக்குலயும் அங்கங்க இருக்கு. ட்யூப்லைட்ல பார்த்தா ஓரளவு பரவால்லன்னு தோணுது, ஆனா லைட்பாக்ஸ்ல (போட்டோ எடுக்கிற விளக்குப் பெட்டி) வச்சு போன்ல எடுத்தா கருப்பு அங்கி சாம்பலாவே ஆயிடுது. அதோட போட்டோல குறுக்க குறுக்க கருப்பு பட்டை விழுது, முகத்துல ஃபோகஸ் வச்சா வாள் நுனி கலங்கிடுது, மொத்தப் படமும் மஞ்சளா இருக்கு. இதுல எது வார்னிஷ் பிரச்சனை எது போட்டோ பிரச்சனைன்னே பிரிக்க முடியல. கூட விளையாடுற பையன் ஒருத்தன் டெட்டால்ல ஊறப்போட்டு பெயின்ட்டை உரிச்சுட்டு மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பின்னு சொல்றான். அந்த அங்கியை இழக்க மனசே வரல, வேற வழி இருக்கா?

கோவை பிரஷ்:

தம்பி, முதல்ல டெட்டால் பாட்டிலை எடுத்த இடத்துலயே வைங்க. அது கடைசி வழி, உங்களுக்கு அந்த நிலைமை வந்த மாதிரி தெரியல.

ஒரு சின்ன டெஸ்ட். சுத்தமான பிரஷ்ல வெறும் தண்ணி தொட்டு அங்கில மங்கலா இருக்கிற ஒரு ஓரத்துல தடவுங்க. ஈரமா இருக்கிற வரைக்கும் கருப்பு திரும்பி வந்து, காய்ஞ்சதும் மறுபடி வெள்ளையாச்சுன்னா பெயின்ட்டுக்கு ஒண்ணும் ஆகல, மேல இருக்கிற வார்னிஷ் படலம்தான் வெளிச்சத்தை சிதறடிக்குது. தண்ணி அந்தப் பள்ளத்தையெல்லாம் நிரப்புற நேரம் மட்டும் சிதறல் நிக்குது, அவ்வளவுதான். ஈரத்துலயும் சாம்பலாவே இருந்தா வேற கதை.

அடுத்து விரலால லேசா தொட்டுப் பாருங்க. நைசா இருந்து பால் நிறமா தெரிஞ்சா ஈரப்பதம் வேலை காட்டியிருக்கு, சொரசொரன்னு இருந்தா ஸ்ப்ரே துளி காத்துலயே காய்ஞ்சு தூளா வந்து ஒட்டியிருக்குன்னு அர்த்தம், ரொம்ப தூரத்துலேர்ந்து அடிச்சாலோ வெயில் கொளுத்துற நேரத்துல அடிச்சாலோ அப்படி வரும். ரெண்டையும் பார்த்துட்டு சொல்லுங்க, அதுக்குள்ள எதையும் மேல போடாதீங்க.

குட்டிப்படை சிங்கப்பூர்:

கோவை அண்ணன் சொல்றது சரி, காரணத்தையும் சேர்த்து சொல்றேன், ஏன்னா காரணம் தெரியலைன்னா அடுத்த மினிக்கும் இதேதான் நடக்கும். ஸ்ப்ரேல வார்னிஷைக் கரைச்சு வச்சிருக்கிற சால்வென்ட் திரவம் படு வேகமா ஆவியாகும், ஆவியாகும்போது மினியோட மேற்பரப்புலேர்ந்து சூட்டை உறிஞ்சிக்கும், மேற்பரப்பு குளிர்ந்ததும் சுத்தி இருக்கிற காத்துல உள்ள ஈரம் அங்கயே படிஞ்சு காய்ஞ்சுட்டிருக்கிற வார்னிஷுக்குள்ள மாட்டிக்கும். மழை விட்ட சென்னை மொட்டை மாடில காத்து முழுக்க ஈரம்தானே. இதோட இன்னொண்ணும் சேரும், மேட் வார்னிஷ் மேட்டா இருக்கிறதுக்கே உள்ள ரொம்ப நுணுக்கமான சிலிக்கா மாதிரி தூள் இருக்கு, டப்பாவை நல்லா குலுக்காம அடிச்சாலோ கனமா அடிச்சாலோ அந்தத் தூள் பள்ளத்துல போய்த் தேங்கி வெள்ளையா நிக்கும். கருப்புலயும் அடர் சிவப்புலயும்தான் இது கண்ணை உறுத்தும், வெளிர் கலர் மினில பாதிப் பேருக்கு தெரியவே தெரியாது.

ஒண்ணு கேக்கணும், மினி ஏசி ரூம்ல இருந்துச்சா? அங்கேர்ந்து நேரா மாடிக்கு கொண்டு போயிருந்தா ஸ்ப்ரே படுறதுக்கு முன்னாடியே அது மேல கண்ணுக்குத் தெரியாம ஈரம் படிஞ்சிருக்கும். இங்க சிங்கப்பூர்ல வருஷம் முழுக்க இந்தத் தொல்லைதான், அதனால நான் ஸ்ப்ரே வார்னிஷை விட்டுட்டு பிரஷ்ல போடுற வார்னிஷுக்கே மாறிட்டேன்.

வேளச்சேரி மினி:

ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். தண்ணி தடவிப் பார்த்தேன், கருப்பு அப்படியே திரும்பி வந்துச்சு!! காய்ஞ்சதும் வெள்ளை. தொட்டா நைசாத்தான் இருக்கு. ஆமா ஏசி ரூம்லேர்ந்துதான் எடுத்துட்டு போனேன். இப்ப என்ன பண்ணணும்? ஆலிவ் ஆயில் தடவுன்னு ஒரு வீடியோல பார்த்தேன், வீட்ல தேங்காய் எண்ணெய்தான் இருக்கு, அது ஆகுமா?

கோவை பிரஷ்:

தேங்காய் எண்ணெய் வேண்டாம், ஆலிவ் ஆயிலும் என் கையால நான் போட மாட்டேன். எண்ணெய் போட்டா மங்கல் மறையுறது உண்மைதான், தண்ணி செஞ்ச வேலையைத்தான் அதுவும் செய்யுது, தண்ணி மாதிரி ஆவியாகிப் போகாதுங்கிறதால நிலைச்ச மாதிரி தெரியும். ஆனா ரெண்டுமே காயாத எண்ணெய். அது மேல தூசி ஒட்டும், அப்புறம் போடுற வார்னிஷும் சரியா பிடிக்காது, விளையாடும்போது கையில எடுக்க எடுக்க பிசுபிசுப்பு வேற.

நீங்க போட வேண்டியது க்ளாஸ் வார்னிஷ், அதாவது பளபளப்பு தர்ற வகை. தண்ணில கரையுற, பிரஷ்ல போடுற வகை, வயேகோ, ஆர்மி பெயின்டர்னு எந்த கம்பெனி கிடைக்குதோ அது. மெல்லிசா ஒரு கோட், பள்ளத்துல தேங்கினா உடனே காய்ஞ்ச பிரஷால உறிஞ்சிடுங்க, முழுசா காய விட்டுட்டு தேவைப்பட்டா இன்னொரு கோட். மங்கலா இருந்த படலத்தோட இடைவெளியெல்லாம் நிரம்பி கலர் திரும்பிடும். மினி பளபளன்னு பொம்மைக் கடை பிளாஸ்டிக் மாதிரி தெரியும், பயப்படாதீங்க. ஒரு ராத்திரி விட்டுட்டு மேல மேட் வார்னிஷ், அதுவும் பிரஷ்லயே. மேட் பாட்டிலை மட்டும் நல்லா குலுக்கணும், அந்தத் தூள் அடில தங்கியிருக்கும். போட்ட இடத்தை காய ஆரம்பிச்சதும் மறுபடி தேய்க்காதீங்க, கோடு விழும். முதல்ல அங்கியோட உள்பக்கத்துல சின்னதா போட்டுப் பார்த்துட்டு அப்புறம் வெளில வாங்க.

டெட்டால் பத்தியும் சொல்லிடறேன், பிற்பாடு இதைப் படிக்கிறவங்களுக்கு உதவும். அக்ரிலிக் பெயின்ட்டை உரிக்க டெட்டால் நல்லாவே வேலை செய்யும், பிளாஸ்டிக்கை ஒண்ணும் பண்ணாது. ஆனா ஊறின மினியை நேரா தண்ணில கழுவினா உரிஞ்ச பெயின்ட் முழுக்க பிசின் மாதிரி ஆகி இடுக்குல போய் ஒட்டிக்கும். டெட்டால்லயே பழைய டூத் பிரஷ் வச்சு தேய்ச்சு எடுத்துட்டு, அப்புறம் பாத்திரம் கழுவுற லிக்விட், கடைசியா தண்ணி. கையுறை போட்டுக்கணும், ஜன்னலைத் திறந்து வைக்கணும். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீங்க, அசிட்டோன் பிளாஸ்டிக் மினியையே கரைச்சிடும்.

லைட்பாக்ஸ் அக்கா:

வார்னிஷ் பக்கம் தம்பிங்க ரெண்டு பேரும் நல்லா சொல்லிட்டாங்க, போட்டோ பக்கம் நான் வரேன். இந்த மினி சரியானதுக்கு அப்புறமும் உன் போட்டோல அங்கி சாம்பலாத்தான் தெரியும்னு எனக்குத் தோணுது, அதனால இதையும் சேர்த்து சரி பண்ணிடு.

முதல்ல அந்தப் பட்டை. அது மினிலயும் இல்ல, போன்லயும் கோளாறு இல்ல. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விலை கம்மியான எல்இடி பட்டை அதுக்கேத்த மாதிரி நொடிக்கு 100 தடவை மினுங்கும், கண்ணுக்குத் தெரியாது. போன் சென்சார் படத்தை வரி வரியா படிக்கிறதால ஷட்டர் வேகமா இருந்தா சில வரிக்கு வெளிச்சம் கிடைக்கும், சில வரிக்கு கிடைக்காது. கேமரால ப்ரோ மோட் போய் ஷட்டரை 1/100 செகண்ட் இல்லன்னா 1/50ல வை, பட்டை போயிடும். போனை எதுலயாவது சாய்ச்சு வச்சு 2 செகண்ட் டைமர்ல எடுத்தா இன்னும் மெதுவாவே வைக்கலாம், ஐஎஸ்ஓவை (சென்சார் வெளிச்சத்தை எவ்வளவு பெருக்கணும்ங்கிற அளவு) 100 பக்கத்துல இறக்கிக்கலாம், புள்ளி புள்ளியா இல்லாத சுத்தமான படம் வரும்.

மஞ்சளுக்கு காரணம் பெரும்பாலும் ரெண்டு வகை வெளிச்சம் கலக்குறது. லைட்பாக்ஸ் எரியும்போது ரூம் பல்பு, ஜன்னல் எல்லாத்தையும் அடை. வெள்ளை எதுன்னு போன் கணக்கு போடுற வைட் பேலன்ஸை ஆட்டோல விடாத, பாக்ஸுக்குள்ள சாம்பல் அட்டை வச்சு அதுல செட் பண்ணிட்டு லாக் பண்ணு, சிவப்பு நிறைய இருக்கிற மினிக்கு ஆட்டோ ரொம்பவே குழம்பும். பல்பு வாங்குறதா இருந்தா சிஆர்ஐ (கலரை எவ்வளவு சரியா காட்டும்ங்கிற அளவு) 90க்கு மேல, வெளிச்சத்தோட நிறம் 5000 கெல்வின் பக்கத்துல பார்த்து வாங்கு. வாட்ஸ் எவ்வளவுன்னு பார்க்கிறதை விட இது முக்கியம்.

இப்ப அங்கி விஷயம். லைட்பாக்ஸ்ல எல்இடி பெரும்பாலும் மேல மட்டும்தான் இருக்கும், அந்த வெளிச்சம் செங்குத்தா இறங்கி அங்கியோட மேல் மடிப்புலயெல்லாம் பட்டு தெறிக்கும், கருப்பு வெளிறிடும், ஹெல்மெட்டுக்கு கீழ இருட்டா போயிடும். மேல இருக்கிறதை பட்டர் பேப்பரால மறைச்சு மெத்துன்னு ஆக்கு, இடமோ வலமோ ஒரு பக்கம், முன்பக்கமா சாய்ச்சு ஒரு டேபிள் லேம்ப் வை, எதிர்ப்பக்கம் தெர்மாகோல் துண்டு ஒண்ணு நிறுத்து. பின்னாடி வெள்ளைத் தாள் வேண்டாம். போன் வெள்ளையைப் பார்த்ததும் வெளிச்சம் அதிகம்னு நினைச்சு மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். ஸ்டேஷனரி கடைல வெளிர் சாம்பல் சார்ட் பேப்பர் வாங்கி வளைச்சு வை, மூலை தெரியாம.

வாள் நுனி கலங்குறதுக்கு ஒரே மருந்து, தள்ளிப் போறது. கிட்ட போகப் போக ஃபோகஸ் ஆகுற ஆழம் மில்லிமீட்டர் கணக்குல சுருங்கிடும். ஒரு முப்பது நாப்பது சென்டிமீட்டர் தள்ளி 2 எக்ஸ் ஜூம்ல எடு, அப்புறம் வேண்டிய அளவுக்கு படத்தை வெட்டிக்கோ. கிட்ட போனா சில போன் தானா மேக்ரோவுக்கு மாறி வைட் லென்ஸை எடுத்துக்கும், தலை பெருசா கால் சிறுசா தெரியும், அதை ஆஃப் பண்ணிடு. போர்ட்ரெய்ட் மோட் வேண்டவே வேண்டாம், வாள் நுனியையும் முதுகுப்பைக் குழாயையும் பின்னணின்னு நினைச்சு அழிச்சிடும்.

குட்டிப்படை சிங்கப்பூர்:

அக்கா சொன்னதோட ஒண்ணு, போன்ல ஷார்ப்பன் ஆட்டோவா ஓடுதான்னு பாருங்க. நீங்க லேசா ஏத்தி இறக்கின இடத்தையெல்லாம் அது சுண்ணாம்பு கோடா மாத்திடும், நம்ம கலர் கலப்பு (ப்ளென்டிங்) கேவலம்னு நம்மளே நம்பிடுவோம். கேமராவை வச்சு மினியை எடை போடாதீங்க, கண்ணால பார்த்து முடிவு பண்ணுங்க.

வேளச்சேரி மினி:

அப்டேட்! அங்கி உள்பக்கம் க்ளாஸ் போட்டு பார்த்தேன், மங்கல் போயிடுச்சு, அப்புறம் முழுசா போட்டேன். சாம்பல் நீல மடிப்பெல்லாம் அப்படியே இருக்கு, சொல்ல முடியாத சந்தோஷம். ஷட்டர் 1/50ல வச்சதும் பட்டையும் போச்சு. ராத்திரி காய விட்டுட்டு நாளைக்கு மேட் போடப் போறேன். கடைசியா ரெண்டு டவுட். மார்ல இருக்கிற தங்கச் சிறகு, வாள் எல்லாம் மெட்டாலிக் பெயின்ட், மேட் போட்டா மினுமினுப்பு செத்துடுமா? அடுத்த மினிக்கு ஸ்ப்ரேவே வேண்டாமா?

கோவை பிரஷ்:

மெட்டாலிக் மேல மேட் போட்டா கண்டிப்பா மந்தமாகும், அந்த பெயின்ட்டுக்குள்ள இருக்கிற மினுமினுப்புச் செதில் வெளிச்சத்தை நேரா திருப்பி அனுப்பினாத்தான் உலோகமா தெரியும். பிரஷ்லதானே போடுறீங்க, தங்கத்தையும் வாளையும் விட்டுட்டு மீதிக்கு மட்டும் போடுங்க. க்ளாஸ் ரொம்ப பளபளன்னு இருந்தா வாளுக்கு சாட்டின் வார்னிஷ் (மேட்டுக்கும் க்ளாஸுக்கும் நடுவுல) ஒரு கோட். கண் லென்ஸ், ரத்தக்கல் எல்லாம் க்ளாஸ்லயே இருக்கட்டும், போட்டோல அந்த ஒரு புள்ளி மின்னும்போது முகத்துக்கே உயிர் வரும்.

ஸ்ப்ரே ஒரேயடியா வேண்டாம்னு இல்ல, படை முழுக்க ஒரே நாள்ல முடிக்கணும்னா அதுதான் வேகம். ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர் ஒண்ணு வாங்கி வைங்க, 60 சதவீதத்துக்கு மேல இருந்தா நான் டப்பாவை எடுக்கவே மாட்டேன். மினியை முன்னாடியே வெளில வச்சு வெளிச்சூட்டுக்கு வர விடுங்க, டப்பாவை ரெண்டு நிமிஷம் முழுசா குலுக்குங்க, 20லேர்ந்து 30 சென்டிமீட்டர் தூரத்துல வீச்சு வீச்சா மெல்லிசா. ஏசி ரூம் காய்ஞ்சு இருக்கேன்னு உள்ள அடிச்சிடாதீங்க, ஆவி மூச்சுக்கும் ஆகாது, தீப்பிடிக்கிற வாயு வேற. அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் சென்னைல இருக்கிறவங்க பிரஷ் வார்னிஷோட நிறுத்திக்கிறதுதான் என் அபிப்ராயம்.

லைட்பாக்ஸ் அக்கா:

மேட் காய்ஞ்சதும் முன்பக்கம் ஒண்ணு, முதுகுப்பக்கம் ஒண்ணு, அங்கி மட்டும் கிட்ட ஒண்ணு எடுத்து இங்கயே போடு. எடிட் பண்ணாம போடு, கலர் இன்னும் தப்பா இருந்தா லைட்டா வைட் பேலன்ஸான்னு பார்த்து சொல்றேன்.