மறு: ஆசிட் புகையால பல் போறதுக்கு என்ன சொல்?

> பல் + தேய்வு, நன்னூல் விதிப்படி பற்றேய்வுன்னுதான் வரணும். புணர்ச்சியை விட்டுட்டு என்ன கலைச்சொல்?

ஐயா, விதி சரிதான். ஆனா பற்றேய்வுன்னு எழுதினா அதுல பல் எங்க இருக்குன்னு படிக்கிறவர் தேடணுமே. இது பேட்டரி தொழிற்சாலை சுவத்துல ஒட்டப்போற தாள், திங்கட்கிழமை அச்சுக்குப் போகணும்.

என் கவலை புணர்ச்சி இல்ல, பலரும் சொல்ற 'அமிலத் தேய்வு'ல இருக்கற தேய்வுங்கற சொல்லுதான். தேயணும்னா ஒண்ணோட ஒண்ணு உரசணும். தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிச்சா தேயும், பிரஷ்ஷை அழுத்தித் தேச்சாலும் தேயும், இங்க உரசலே கிடையாது. சார்ஜ் ஏத்துறப்போ கிளம்புற சல்பியூரிக் ஆசிட் துளிங்க காத்துல மிதந்து, பேசுறப்பவும் வாயால மூச்சு விடுறப்பவும் முன்பல்லுல போய்ப் படியுது, அங்க பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலம் அதிகம்னு அர்த்தம்) 5.5-க்குக் கீழ இறங்கிட்டா பல்லோட கெட்டியான மேல்படலமான எனாமல் கரைய ஆரம்பிச்சுடும். அதனாலதான் கடைவாய்ப்பல்லு நல்லா இருக்க முன்பல்லு மட்டும் குட்டையாகுது. சொத்தைன்னும் சொல்ல முடியாது, அதுக்குக் கிருமியும் சர்க்கரையும் வேணும்.

> இரும்புக்குச் சொல்ற அரிமானம் இருக்கே?

அரிவாள்ல ஆரம்பிச்சு கரையான் அரிக்கிறது வரைக்கும் அந்த வேரைத் துரத்தின மூணு மடலையும் ரசிச்சுப் படிச்சேன். ஆனா அரிமானம் பொறியாளருக்குப் புரியும், வேலை செய்றவருக்கு அரிப்புதான் ஞாபகம் வரும், "பல்லு அரிக்குதா"ன்னு டாக்டர் கேட்டா "இல்லீங்களே"ன்னுட்டுப் போயிடுவார்.

நான் சொன்னது பற்கரைவு. பேச்சுல அது பற்கறை மாதிரி கேக்கும்னு அக்கா சொன்னது நியாயமான ஆட்சேபம்தான், கறைன்னு நினைச்சா பேஸ்ட்டை மாத்திட்டு சும்மா இருந்துடுவாங்க. (அதே தாள்ல, ஈயம் உடம்புல ஏறினவங்களுக்கு ஈறு ஓரமா வர்ற கருநீலக் கோட்டுக்கு, 1840ல பர்ட்டன்ங்கற டாக்டர் எழுதினதுக்கு, ஈயக்கோடுன்னு சண்டையே இல்லாம ஒத்துக்கிட்டோம்!)

பெரும்பாலானவங்க அமிலத் தேய்வுக்குத் தலையாட்டிட்டீங்க, நேரமும் இல்ல, அப்படியே போகட்டும். கீழ ஒரு வரி மட்டும் சேத்திருக்கேன்: "இது உரசி வர்றதில்ல, ஆசிட் புகையில பல் கரையுறது. புகையை வெளிய இழுக்கிற ஃபேன் சரியா ஓடுதான்னு கேளுங்க." அந்த வரியை யாரும் வெட்டிடாதீங்க. கரைவுதான் சரின்னு இன்னமும் நினைக்கிறேன், அடுத்த பதிப்பு வர்றப்போ மறுபடி கேப்பேன்.