3, 4ஆம் வகுப்புப் பிள்ளைகளை இணையத்தில் தமிழில் எழுத வைக்க: எது வேலை செய்கிறது, எங்கே தடுக்குகிறது (புனைபெயரில் நால்வர் தரும் குறிப்புகள்)

சிலேட்டு:
இந்த வயதில் கதை வாயில் தயாராக இருக்கும். விரல்தான் விசைப்பலகையில் நின்றுவிடும். அதனால் பேசுவதைக் கணினியே எழுதித் தரும் குரல் தட்டச்சில் தொடங்குங்கள். குரோமில் கூகுள் டாக்ஸைத் திறந்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மைக் படம் வரும். அதன் மேலுள்ள பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுத்த பிறகே பேசச் சொல்லுங்கள். மறந்தால் தமிழ்ப் பேச்சை ஆங்கிலச் சொற்களாக எழுதித் தள்ளும். வகுப்பு இரைச்சல் இன்னொரு தொல்லை. பக்கத்துப் பெஞ்சில் பேசுவதும் கதைக்குள் புகுந்துவிடும். பிள்ளையைத் தாழ்வாரத்துக்கு அனுப்பினாலே பாதி சரியாகிவிடும்.

தமிழில் பேசும்போது முற்றுப்புள்ளி தானாக விழாது. அந்த வரைவை அப்படியே அச்சிட்டு, சத்தமாக வாசிக்கவிட்டு, பென்சிலால் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். வாக்கியம் எங்கே முடிகிறது என்று கற்பிக்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. 'வந்துச்சு', 'போச்சு' என்று விழுந்ததை முதல் வரைவில் தொடவே வேண்டாம். திருத்தத் தொடங்கினால் பிள்ளை பேச்சை நிறுத்திவிடும்.

வேம்படி:
தட்டச்சுக்கு வரும்போது ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறையைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். 'பள்ளி'க்கும் 'பல்லி'க்கும் ஒரே ஆங்கில எழுத்துகள்தான். திரை காட்டும் சொற்பட்டியலில் முதலில் வருவதைப் பிள்ளை தொட்டுவிடும். ல, ள வேறுபாடு மனத்தில் பதியாமலே போகும்.

அதற்குப் பதில் தமிழ் எழுத்துகளையே நேராக அடிக்கும் தமிழ்99 விசைப்பலகை அமைப்பைப் பழக்குங்கள். அதில் உயிர் இடக்கைப் பக்கம், மெய் வலக்கைப் பக்கம். 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ என நான்கே தட்டல். புள்ளி தானாக விழும். வகுப்பில் உயிர்மெய்யைப் பிரித்துச் சொல்லிக்கொடுத்த அதே வரிசை! முதல் வாரம் அப்பா, பாட்டி, தாத்தா போதும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம்.

இரண்டு இடங்களில் அழுகை வரும். 'லலிதா' என்று பெயர் உள்ள பிள்ளைக்கு 'ல்லிதா' என்று வரும். முதல் ல அடித்ததும் அ விசையைத் தட்டினால் சரியாகும். அடுத்தது பேக்ஸ்பேஸ்: 'கொ' மேல் ஒருமுறை அழுத்தினால் கொம்பும் காலும் மட்டும் போய் 'க' நிற்கும். கணினி கெட்டுவிட்டது என்று பயந்துவிடுவார்கள். முன்பே காட்டிவிடுங்கள்.

மணிப்புறா:
என்ன எழுதுவது என்று விழிக்கும் பிள்ளைக்குப் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் என்ற படக்கதைத் தளம் கைகொடுக்கும். ஆசிரியர் உள்ளே நுழைந்து, படத் தொகுப்பிலிருந்து ஆறு படங்களை எடுத்து வரிசையாக வைக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு இரண்டே வாக்கியம். "படத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்டால் "மரம் இருக்கிறது, நாய் இருக்கிறது" என்று பட்டியல்தான் வரும். "அடுத்து நாய் என்ன செய்யும்?" என்று கேளுங்கள், கதை நகரும். வெளியிட்டுவிட்டால் யாரும் படிக்கலாம், மாற்றி எழுதலாம். பெற்றோர் சம்மதம் வரும்வரை வரைவாகவே இருக்கட்டும். முழுப்பெயரும் பள்ளிப் பெயரும் வேண்டாம்.

கரும்பலகை:
கூகுள் டாக்ஸில் ஒரே ஆவணத்தில் பலர் எழுதும்போது ஒருவர் எழுதியதை மற்றவர் அழிப்பதுதான் பெரிய சண்டை. ஆறு பேர் குழுவுக்கு ஆறு கட்டம் உள்ள அட்டவணை போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் பெயரின் முதலெழுத்தை முன்பே அடித்து வையுங்கள். அப்படியும் அழிந்தால் மேலே 'கோப்பு' மெனுவில் 'பதிப்பு வரலாறு' இருக்கிறது. பழைய நேரத்தைத் தேர்ந்தெடுத்து மீட்கலாம். இணைப்பு உள்ள எவரும் திருத்தலாம் என்று திறந்துவிட்டால், கணக்கில் நுழையாதவர் பெயர் அதில் தெரியாது. இந்த வயதுக்குப் பள்ளிக் கணக்கோ பெற்றோர் மேற்பார்வைக் கணக்கோ வேண்டும்.

எழுதி முடித்ததை ஐந்தாம் வகுப்பு வாசிக்கட்டும். "நன்று" என்று போடாமல், கதையைப் பற்றி ஒரு கேள்வி மட்டும் கருத்துப் பெட்டியில் எழுதச் சொல்லுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதத்தான் மறுநாள் ஓடிவருவார்கள்.