தொடாத சுவிட்ச் தானாக ஆன் ஆகிறது: காக்பிட் பேனல் அனுபவங்கள்

நண்பர் ஒருவர் தன் வீட்டில் கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டருக்கு, போயிங் 737 விமானியின் தலைக்கு மேலே இருக்கும் சுவிட்ச் பலகையான ஓவர்ஹெட் பேனலின் ஒரு பகுதியைச் செய்திருந்தார். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் விமானத்தைக் கிளப்பினால் பேனல் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று என்னைக் கூப்பிட்டார். லேண்டிங் லைட் இரண்டையும் போட்டு, ஒரு ஃப்யூயல் பம்பையும் போட்டால், யாரும் தொடாத பீட்டோ ஹீட் (வேகம் அளக்கும் குழாயைச் சூடாக்கும் சுவிட்ச்) ஆன் ஆகிவிடும். புரோகிராமில்தான் கோளாறு என்று அதையே திரும்பத் திரும்ப மாற்றி எழுதிக்கொண்டிருந்தார்.

பேனலைத் திருப்பிப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. 6 வரிசை, 6 நெடுவரிசைக் கம்பிகள், அவை சந்திக்கும் இடத்திலெல்லாம் ஒரு சுவிட்ச் என மேட்ரிக்ஸ் வயரிங். சுவிட்சுகளைப் படிக்கும் ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணு போர்டின் 12 பின்னில் 36 சுவிட்ச், கணக்கு சரிதான். ஆனால் மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு எங்குமே இல்லை. மேட்ரிக்ஸில் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் இருக்கும் சுவிட்சுகள் ஆனில் இருந்தால், மின்சாரம் அந்த மூன்றின் வழியாகவும் சுற்றிப் போய், நான்காவது மூலையும் ஆனில் இருப்பதாகக் காட்டிவிடும். கீபோர்டில் விரலை எடுத்தால் விசை விடுபட்டுவிடும், அதனால் இந்தத் தொல்லை பெரிதாகத் தெரியாது. காக்பிட்டில் டாகிள் சுவிட்ச் போட்டது போட்டபடியே இருக்கும். பறக்கும்போது பேனலில் பல சுவிட்சுகள் ஒரே நேரத்தில் ஆனில்தான் இருக்கும். அதனால்தான் அடித்துச் சொல்கிறேன்: காக்பிட் மேட்ரிக்ஸ் என்றால் ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு டயோடு கட்டாயம்.

1என்4148 போதும். சின்னக் கண்ணாடி உடம்பு, ஒரு முனையில் கறுப்புக் கோடு. ஆர்டுயினோ ஒவ்வொரு வரிசையாக லோ (0 வோல்ட்) ஆக்கி, நெடுவரிசைகளை உள் புல்-அப்போடு (பின்னை 5 வோல்ட்டுக்கு இழுத்து வைக்கும் மின்தடை) படிக்கும் முறை என்றால், கறுப்புக் கோடு வரிசைப் பக்கம் இருக்க வேண்டும். டயோடின் ஒரு காலை சுவிட்சின் காதிலேயே வளைத்துப் பற்றவைத்து, மறு காலை வரிசைக் கம்பியில் சேர்த்தோம். அப்புறம் மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்தோம். ஒரு பக்கம் 0.6 வோல்ட் அளவில் காட்டும், மாற்றிப் பிடித்தால் ஒன்றும் காட்டாது. இந்தச் சோதனையை எல்லாம் முடிந்தபின் செய்யலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். கம்பிகளைக் கட்டிய பிறகு திரும்பி நிற்கும் ஒரு டயோடைத் தேடுவது பெரும்பாடு.

பீட்டோ ஹீட் அன்றோடு அடங்கியது. அவர் எழுதிய புரோகிராமில் எந்தத் தவறும் இல்லை.

போர்டு எது வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: ஏடிமெகா32யு4 சிப் உள்ள லியோனார்டோ அல்லது புரோ மைக்ரோ. ஜாய்ஸ்டிக் லைப்ரரியோடு எழுதிய புரோகிராமை ஏற்றி யுஎஸ்பியில் செருகினால் கணினி அதை நேரடியாக ஜாய்ஸ்டிக்காகவே பார்க்கும்.

*

டயோடு பற்றி மேலே எழுதிய அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. நான் பட்ட பாடு வேறு. வயரிங் ஒழுங்காக இருந்தும், பேனலில் ஆஃப் என்று இருக்கும் விளக்கு திரையில் எரிந்துகொண்டிருக்கும். விமானம் லோட் ஆகும்போதே சில சுவிட்சுகள் ஆனில் வந்துவிடுகின்றன. அதன்மேல் 'இருப்பதை மாற்று' என்ற டாகிள் கட்டளையை அனுப்பினால், கடைசி வரை தலைகீழாகவே போகும்.

ஆன் செய்ய ஒரு கட்டளை, ஆஃப் செய்ய ஒரு கட்டளை என்று பிரித்துக் கொடுத்ததும் தீர்ந்தது. பேனலை சிமுலேட்டரோடு இணைக்கும் எஃப்எஸ்யுஐபிசி, மொபிஃப்ளைட் மென்பொருள் இரண்டிலுமே பட்டனை அழுத்தும்போது ஒன்று, விடும்போது ஒன்று என்று வைக்கலாம். இப்போதெல்லாம் விமானம் லோட் ஆனதும் பேனலை இடமிருந்து வலமாக ஒரு முறை பார்த்து, முரண்படும் சுவிட்சை மட்டும் தட்டிவிட்டுத் திரும்பப் போட்டுக்கொள்கிறேன். நிஜ விமானிகளும் பேனலை ஒரு ஒழுங்கில் பார்த்துக்கொண்டே போவார்கள் என்பதால் எனக்கு இது பிடித்தும் போய்விட்டது.

இன்னொன்று. விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் சோதனைத் திரை 32 பட்டன்களைத்தான் காட்டும். 33-வது சுவிட்ச் அங்கே எரியவில்லை என்று சாலிடரைப் பிரித்துவிடாதீர்கள்.

*

பழைய இயந்திரங்களிலிருந்து கழற்றிய கனமான டாகிள் சுவிட்சுகளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கடக்கென்ற சத்தத்துக்கு ஈடே இல்லை, எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் அவை 250 வோல்ட், 10 ஆம்பியருக்குச் செய்தவை. அதன் வெள்ளித் தொடுமுனையில் படியும் மெல்லிய படலம் பெரிய மின்னோட்டத்தில் தானாக எரிந்து போய்விடும். ஆர்டுயினோவின் உள் புல்-அப் 20 முதல் 50 கிலோ ஓம் வரை. 5 வோல்ட்டில் கால் மில்லிஆம்பியருக்கு மேல் ஓடாது. அந்தச் சொற்ப மின்னோட்டத்துக்குப் படலம் அசையாது, சுவிட்ச் ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. வெளியிலிருந்து 1 கிலோ ஓம் புல்-அப் கொடுத்து 5 மில்லிஆம்பியர் அளவுக்கு ஏற்றியதும் என்னுடையவை நிலைக்கு வந்தன. புதிதாக வாங்குவதென்றால் தங்க முலாம் பூசிய தொடுமுனை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

எனக்கும் ஒரு உதவி வேண்டும். 737-இல் ஆட்டோத்ராட்டிலை (இன்ஜின் விசையைத் தானாகக் கட்டுப்படுத்தும் அமைப்பு) தயார்நிலைக்குக் கொண்டுவரும் ஆர்ம் சுவிட்சை ஒரு காந்தம்தான் பிடித்து வைத்திருக்கும். ஆட்டோத்ராட்டில் இணைப்பு விட்டதும் அந்த சுவிட்ச் தானாக ஆஃபுக்கு விழும். 12 வோல்ட் சாலினாய்டு (மின்காந்தச் சுருள்), அதை இயக்கி அணைக்க ஒரு மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர், அணைக்கும்போது சுருளில் எழும் மின்னழுத்தத்தை அடக்க ஒரு டயோடு என்று சர்க்யூட் தயார். சாலினாய்டு நீண்ட நேரம் பிடித்தபடி இருப்பதால் சூடாகிறது. இதை யாராவது வீட்டில் செய்து முடித்திருந்தால், பிடித்து வைக்கும்போது மின்னோட்டத்தை எவ்வளவு குறைத்தீர்கள் என்று எழுதுங்கள்.