பேப்பரோட 25, பேப்பர் இல்லாம 15: எந்த நாய்க்குட்டியை வாங்குறது?

மஞ்சக்குப்பத்தான்
லேப் (லேப்ரடார்) நாய்க்குட்டி பார்க்கிறோம். நெல்லிக்குப்பம் பக்கம் ஒருத்தர் "கேசிஐ பேப்பரோட 25 ஆயிரம், பேப்பர் வேணாம்னா 15"ங்கிறார். பேப்பர்னா கெனல் கிளப் ஆஃப் இந்தியா (கேசிஐ) தர்ற வம்சாவளிச் சான்றிதழ். ஒரே தாய், ஒரே ஈத்து, 35 நாள் குட்டிங்க. டாக் ஷோவுக்கெல்லாம் நாங்க போகப்போறதில்ல. அந்தப் பத்தாயிரம் எதுக்குன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கெடிலக்கரை
அந்த ஒரு வாக்கியம் போதும் சார், அங்க வாங்காதீங்க. தாயும் தகப்பனும் கெனல் கிளப் ஆஃப் இந்தியாவுல பதிவானதா இருந்தா ஈத்தை மொத்தமாப் பதிவு பண்ணி, குட்டிக்குக் குட்டி அடையாள எண் இருக்கிற மைக்ரோசிப் போட்டுடுவாங்க. அதுக்கு ஆகுற செலவு குட்டி விலையில சின்னப் பங்குதான், பத்தாயிரமெல்லாம் இல்ல. "பேப்பர் வேணாம்னா குறைச்சுக்கலாம்"னா ரெண்டுல ஒண்ணு. ஈத்து பதிவே ஆகல, இல்லைன்னா உங்க குட்டியோட பேப்பர் வேற எங்கேயோ பிறந்த குட்டிக்குப் போகப்போகுது. பிறந்தது ஏழு, பதிவுல பத்துன்னு எழுதி வாங்குற ஆளுங்களும் உண்டு.

இன்னொண்ணு, 35 நாள் குட்டியை விக்கவே கூடாது. 2017 நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள்படி எட்டு வாரம் முடியணும், சிப் இருக்கணும், வளர்க்கிறவர் மாநில விலங்கு நல வாரியத்துல பதிவு பண்ணியிருக்கணும். கடலூர்ல வளர்த்தா தமிழ்நாட்டு வாரியம், பாண்டியில வளர்த்தா அங்கத்து வாரியம். அந்தப் பதிவு எண்ணைத்தான் முதல்ல கேளுங்க. கேசிஐ பதிவு வேற, இது வேற.

வில்லியனூர் வேட்டை
கெடிலம் அண்ணே, விதி சொன்னது சரி. ஆனா பேப்பரை இந்த அளவுக்குத் தூக்கி வைக்காதீங்க. பதிவுச் சங்கம் எதுவானாலும் வளர்க்கிறவர் எழுதிக் கொடுத்ததைத்தான் அச்சடிச்சுத் தருது. நாயோட இடுப்பை யாரும் பார்க்கிறதில்ல, கண்ணையும் பார்க்கிறதில்ல. டால்மேஷியனை எடுத்துக்குங்க. நூறு வருஷத்துக்கு மேல சுத்தமான பெடிக்ரி (வம்சாவளிப் பட்டியல்), ஆனா இனம் முழுக்க யூரிக் அமிலக் கோளாறு, அதால சிறுநீர்ல கல் வர்ற ஆபத்து. 1973-ல அமெரிக்காவுல பாயிண்டர்ங்கிற வேட்டை நாய் ஒண்ணோட கலந்து அந்தக் குறையை எடுத்தாங்க. அந்த வழி வந்த நாய்களை அமெரிக்கக் கெனல் கிளப் நிரந்தரமாச் சேர்த்துக்கிட்டது 2011-லதான். பேப்பர் சுத்தம் பார்த்துச்சே தவிர நாயைப் பார்க்கல. நம்ம ஊர் நாய் சிப்பிப்பாறை, கன்னியெல்லாம் எந்தப் பேப்பரைப் பார்த்து வந்துச்சு? ஓட்டத்தைப் பார்த்து, வேட்டையைப் பார்த்து வச்சுக்கிட்டது.

கெடிலக்கரை
டால்மேஷியன் கதை என் பக்கம்தான் பேசுது தம்பி. அந்த ஒரு பாயிண்டர்ல இருந்து எந்தக் குட்டி எத்தனையாவது தலைமுறைன்னு எழுதி வச்சிருந்ததாலதான் பின்னாடி சேர்க்கவே முடிஞ்சுது. பேப்பர் ஆரோக்கியச் சான்றிதழ்னு நான் சொல்லல. அது தகப்பன் பேரைச் சொல்லுது, அவ்வளவுதான். அதுவே பெரிய விஷயம். மூணு தலைமுறைப் பெடிக்ரியில 2, 4, 8ன்னு 14 பேர் வரும். தகப்பனோட தகப்பனும் தாயோட தகப்பனும் ஒரே நாயா இருந்தா அது அரை உடன்பிறப்புக் கலப்பு, உட்கலப்பு (சொந்தத்துக்குள்ளேயே சேர்ந்த அளவு) 12.5 சதவீதம். அப்பாவையும் மகளையும் சேர்த்திருந்தா 25. பேப்பர் இல்லாம இதை எப்படிக் கண்டுபிடிப்பீங்க? முகத்தைப் பார்த்தா?

உப்பனாறு
ரெண்டு பேருக்கும் நடுவுல வர்றேன். பேப்பரைப் படிக்கத் தெரியணும், அதான் விஷயம்.

குட்டியோட பிறந்த தேதியில இருந்து 63 நாள் பின்னாடி போங்க. ஏறக்குறைய அதுதான் மேட்டிங் நாள். அன்னிக்குத் தாய்க்கு 18 மாசம் முடிஞ்சிருக்கணும். முடியலைன்னா விதியை மீறி ஈன வச்சிருக்காங்க. தாயோட போன ஈத்துத் தேதியையும் கேளுங்க, வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல கூடாது, ஆயுசுக்கு அஞ்சு.

அப்புறம் சிப். 15 இலக்கம், தோள்பட்டைக்கு நடுவுல தோலுக்கடியில போடுவாங்க. ஸ்கேனர்ல வரலைன்னா உடனே "சிப் இல்ல"ன்னு முடிவு கட்டாதீங்க. சில சமயம் நகர்ந்து தோள் பக்கமா, முழங்கை வரைக்கும் இறங்கியிருக்கும், மெதுவாத் தடவிப் பார்க்கணும். பேப்பர்ல ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா மட்டும் நம்பாதீங்க, ஸ்டிக்கர் ஒட்டுறதுக்கு நாயே வேண்டாம். பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஸ்கேனர் இருக்கிற கால்நடை மருத்துவர்கிட்ட காட்டுங்க.

லேப்னா ரெண்டு கேள்வி கட்டாயம். ஒண்ணு, தாய் தகப்பன் இடுப்பு எக்ஸ்ரே. ஒரு வயசுக்கு முன்னாடி எடுத்ததுக்கு மதிப்பில்ல. ஏ-ல இருந்து ஈ வரைக்கும் தரம் போடுவாங்க, ஏ, பி வந்தா நிம்மதி. இன்னொண்ணு, விழித்திரை சிதையுற பிஆர்ஏ நோய்க்கு டிஎன்ஏ சோதனை. நோய் வராம ஜீனை மட்டும் சுமக்கிற ரெண்டு நாயைச் சேர்த்தா ஒவ்வொரு குட்டிக்கும் நாலுல ஒரு பங்கு ஆபத்து. ரெண்டுல ஒண்ணு சுத்தமா இருந்தாலே அந்த நோய் குட்டிக்கு வராது. "எங்க லைன்ல அதெல்லாம் கிடையாது"ங்கிறது பதில் இல்ல. ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்லுங்க, அதுல சிப் நம்பர் இருக்கான்னு பாருங்க.

வில்லியனூர் வேட்டை
கடலூர், பாண்டியில லேப் விக்கிறவங்கள்ல எத்தனை பேர் எக்ஸ்ரே காட்டுறாங்க உப்பனாறு? அதனாலதான் சொல்றேன், பேப்பருக்குக் கொடுக்கிற காசை நாயைப் பார்க்கிறதுல போடுங்க. தாயை நடக்கவிட்டு, ஓடவிட்டுப் பின்பக்கமா நின்னு பாருங்க. முயல் மாதிரி ரெண்டு பின்னங்காலையும் சேர்த்துத் தூக்கி ஓடினா இடுப்புல கோளாறு இருக்கலாம்.

ராஜபாளையம்னா காதைப் பாருங்க. வெள்ளை நாய்ல பிறவிச் செவிடு உண்டு, அதை எந்தப் பேப்பரும் சொல்லாது. ஈத்தோட சேர்த்து வச்சுக் கைதட்டினா செவிட்டுக் குட்டியும் மத்ததைப் பார்த்துத் திரும்பிடும். தனியாத் தூக்கிட்டு வந்து, பின்னாடி நின்னு, சாவிக்கொத்தைக் குலுக்குங்க. தரையைத் தட்டாதீங்க, அதிர்வு தெரிஞ்சுடும்.

உப்பனாறு
சரிதான், ஆனா ஒரு காது மட்டும் கேக்காத குட்டி இதுல தப்பிச்சுடும். அதுக்கு பேயர்ங்கிற மின் சோதனைதான் வழி. ஓட்டத்தைப் பார்க்கிறதும் அப்படித்தான். நல்லா ஓடுற நாய் பலதுக்கு எக்ஸ்ரேயில இடுப்பு மோசமா இருக்கும்.

மஞ்சக்குப்பத்தான்
ஃபோன் பண்ணேன். வாரியப் பதிவு "போட்டிருக்கோம்"ங்கிறார், நம்பர் தரல. தாயைப் பார்க்கணும்னதுக்கு "வீட்டுக்கு வேணாம் சார், பாண்டி எல்லையில முள்ளோடைக்கே கொண்டாந்து தர்றேன், எல்லாத் தடுப்பூசியும் முடிஞ்சுது"ன்னார்.

கெடிலக்கரை
முள்ளோடையில கைமாத்துற ஆள்கிட்ட நாளைக்கு எந்த வீட்டுக் கதவைத் தட்டுவீங்க? விடுங்க அதை.

உப்பனாறு
35 நாள்ல எல்லாத் தடுப்பூசியும் முடியவே முடியாது. ஆறு முதல் எட்டு வாரத்துல தொடங்கி, ரெண்டுலேருந்து நாலு வார இடைவெளியில 16 வாரம் வரைக்கும் போகும். தாய்ப்பால்ல வந்த எதிர்ப்புச் சக்தி இருக்கிற வரைக்கும் ஊசி சரியா வேலை செய்யாது, அதனாலதான் திரும்பத் திரும்பப் போடுறது. யார்கிட்ட வாங்கினாலும் ரசீதுல சிப் நம்பர், தாய் தகப்பன் பதிவு எண், தடுப்பூசித் தேதி மூணும் எழுதி வாங்குங்க. பத்து நாளுக்குள்ள பார்வோ வைரஸ் நோய் வந்தா என்ன செய்வாங்கங்கிறதையும் அதுலயே எழுதச் சொல்லுங்க. எழுதத் தயங்குறவர்கிட்ட அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீங்க.

வில்லியனூர் வேட்டை
இந்த ஒரு விஷயத்துல உங்க கட்சிதான் நான்.