இன்டெல்லா, ஏஎம்டியா? தம்பிக்கு கம்ப்யூட்டர் வாங்க உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. நாங்கள் தண்டையார்பேட்டை. தம்பி இன்ஜினியரிங் படிக்கிறான், வீடியோ எடிட்டிங்கும் செய்கிறான். சீட்டு கட்டிச் சேர்த்த 55,000 ரூபாயோடு சனிக்கிழமை ரிச்சி தெரு போகிறோம். கம்ப்யூட்டரின் மூளையான சிப், அதாவது ப்ராசஸரில்தான் குழப்பம்: இன்டெல், ஏஎம்டி என்ற இரண்டு கம்பெனிகளில் எதை எடுப்பது? இரண்டையும் கொஞ்சம் ஒப்பிட்டுப் பார்த்தேன்.

2023-ல் ஆராய்ச்சிக்கு இன்டெல் சுமார் 1,600 கோடி டாலர் செலவிட்டது. ஏஎம்டி 600 கோடிக்கும் குறைவு. ஆனால் இதை அப்படியே ஒப்பிடுவது சரியல்ல. இன்டெல் சொந்த ஆலை வைத்திருக்கிறது, சிப் தயாரிக்கும் முறையை உருவாக்கும் செலவும் அதில் அடக்கம். ஏஎம்டி 2009-லேயே ஆலைகளைத் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது; இப்போது அதன் முக்கிய சிப்களைத் தைவானின் டிஎஸ்எம்சி தயாரித்துத் தருகிறது.

என் கவலை தரம்தான். தன்னுடைய 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் சிலவற்றில் மின்னழுத்தம் கூடிக் கோளாறு வருவதாக 2024-ல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டியது. எங்களுக்கு இன்னொன்று வாங்க வசதி இல்லை.

வீடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஏசி கிடையாது. மே மாத மதியச் சூட்டை ஏஎம்டியின் ரைசன் 5 7600 ப்ராசஸர் தாங்குமா? எடிட்டிங்குக்கு இன்டெல்லின் குயிக் சிங்க் (வீடியோ வேலையை வேகமாக்க ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வசதி) நிஜமாகவே கைகொடுக்கிறதா? இரண்டு வருடமாவது பயன்படுத்தியவர்கள், முக்கியமாக ஏசி இல்லாத வீட்டில், அனுபவத்தைச் சொல்லுங்கள். அப்புறம், ப்ராசஸரைக் குளிர வைக்கும் கூலர் தனியாக வாங்க வேண்டுமா?